உடனே புறப்படவும்

மட்டாஞ்சேரி
12-8-1958

அன்புள்ள பொஞ்சாதி ஷரீஃபாவுக்கு சலாம். நான் சுகம். நீயும் உன் ஓயாத வாயும் சுகம்தானே?

என் கூடப்பிறந்த லாத்தா மௌத்தான சேதி உன் கடிதத்துலதான் தெரிஞ்சுது. உன் தம்பி அடிச்ச தந்தி வராம இல்ல. கையெழுத்துப் போட்டு வாங்குனதே நான்தான். இந்தக் கிடங்குக்கு இப்ப தினம் நாப்பது தந்தி வருது, டெலிபோன் வேற ஓயாம அடிக்குது. எல்லாம் இங்கிலீசு, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அதைப் படிச்ச ரைட்டர் அபூபக்கர் மேல எழுதுன பேரைக்கூடப் பாக்கல. "இக்கா, உடனே புறப்படணும்னு தந்தி. வேகம் சுக்கு லோடு ஏத்திக்கோ"ன்னாரு. லாத்தாவுக்காக வந்த தந்திக்கு அறுபது மூட்டை சுக்கு பம்பாய்க்குப் போயிடுச்சு! கேட்டிருந்தா லாத்தாவே சிரிச்சிருக்கும்.

முகம் பாக்காமலே போச்சு. விஷயம் தெரிஞ்சு அபூபக்கர் அழுதாரு. அழுது முடிக்கிறதுக்குள்ள இன்னும் பதினொரு தந்தி வந்துடுச்சு.

முழங்காலுக்குத் தைலமும் உடுத்த ரெண்டு சாரமும் அனுப்பு. லாத்தாவோட வெத்தலைப் பெட்டியை யாருக்கும் குடுத்துடாதே.

நீ மட்டும் நோயில படுத்துடாதே, பிள்ளே. அந்தத் தந்தியும் என் கையிலதான் வரும், எனக்குத் தெரியாது.

வாசல்ல தந்திக்காரன் மணியடிக்கிறான். போறேன்.

சிகாபுதீன்