சொட்டு மருந்தும் சின்ன மாடலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவள் நலமாக இருப்பதில் என் பங்கு எவ்வளவு என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா?

அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு கண்ணு ஏற்கெனவே ரொம்ப மங்கல், இவங்களுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான், சொட்டு மருந்து ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது" என்று சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாலு குப்பி, நாலுக்கும் வேறு வேறு நேரம். போனில் அலாரம் வையுங்கள் என்று நீ சொன்னாய். ஆனால் ரிட்டையரானதும் கோடிங் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் வெறும் அலாரம் வைத்தால் மானம் என்னாவது? அதனால் அலாரத்தையும் வைத்துக்கொண்டேன், ப்ரோக்ராமும் எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் கண்ணை வைத்து என் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்கும் துணிச்சல் எனக்கில்லை.

நீ உன் கார்டில் பணம் கட்டிக்கொடுத்தாயே, அந்த விலை கூடிய ஏஐயிடம்தான் முதலில் போனேன். நான் கேட்டது மணியடிக்கும் ப்ரோக்ராம், அது கொடுத்ததோ ஓர் ஆஸ்பத்திரியையே நடத்துகிற மாதிரி, உள்ளே போகவே பாஸ்வேர்ட் கேட்டது, நான் அதை மறந்துவிட்டுத் திருதிருவென்று முழித்தேன். போதாக்குறைக்கு, கடிதம் எழுதியே பழகிய கையாயிற்றே, ஒவ்வொரு தடவையும் அதை நலம் விசாரித்து, அம்மாவின் கண் கதையை ஆதியிலிருந்து சொல்லி, நடுவில் உன் கல்யாணத்தையும் தொட்டுவிட்டு, கேள்விக்கு வருவதற்குள் இன்றைய அளவு தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்திவிடும். எழுதுகிற வார்த்தைக்கெல்லாம் கணக்கு உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? இதைக் கேட்டு நீ போனில் சிரித்த சிரிப்பில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். பிறகு நீ சொன்னபடி காசில்லாத சின்ன மாடலுக்கு மாறினேன். அதற்கு ஞாபகசக்தி என்னுடையதைப் போலத்தான், முன்னால் சொன்னது பின்னால் நிற்காது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம், அதுவும் சுருக்கமாகக் கேட்க வேண்டியதாயிற்று. "இத்தனை வருஷமா நான் சொல்லி வராத பழக்கம், இந்தப் பொட்டி சொன்னதும் வந்துடுச்சே" என்கிறாள் உன் அம்மா. ஆனால் அது தந்த சில வரிகள் எனக்கே புரிந்தன, நானே கைவைத்துத் திருத்தவும் முடிந்தது. என்னைப் போல அ, ஆ படிக்கிறவனுக்கு அதுவே தாராளம், சிக்கிக்கொண்டால் மட்டும் அப்போதைக்குப் பணம் கட்டிப் பெரியதிடம் ஓடலாம். இப்போது மணி அடிக்கிறது, கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் மருந்தின் பெயரும் எந்தக் கண் என்பதும் வருகிறது.

நேற்றும் அடித்தது, குப்பியோடு ஓடினேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, "என்னங்க, ஆபரேஷன் வலது கண்ணுல. நீங்க இடது கண்ணுன்னு எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். எதிரே உட்கார்ந்து மருந்து விடுகிறவன், என் கைப்பக்கத்தைப் பார்த்து எழுதித் தொலைத்திருக்கிறேன். பயப்படாதே, விட்டதெல்லாம் சரியான கண்ணில்தான். திருத்தலாம் என்று எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, கம்ப்யூட்டர் மேஜை அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது. மங்கல் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படி என்றேன். படித்தாள் பாப்பா, "இடது" என்ற இடத்தில் குரலை உயர்த்தி, என்னைத் திட்டிக்கொண்டே படித்தாள். நான் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

மாதாமாதம் உன் கார்டிலிருந்து போகும் கட்டணத்தை மறக்காமல் நிறுத்திவிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்த "இடது" என்பதை நான் இன்னும் திருத்தவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவள் படித்துத் திட்டட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா