லீவு ஆஸ்பத்திரியை நம்பிப் போனவளுக்கு

நேற்று ஒரு சின்னப் பெண், டாக்டராம், என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சர்க்கரை மாத்திரை வாங்கத்தான் தெருமுனையில் இருக்கிற அரசு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நான் ஒன்றும் கேட்காமலே, "ஆ காட்டுங்கம்மா" என்றாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள், இரண்டு கன்னத்தையும் உள்பக்கம் விரலால் தடவினாள், "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிள்ளையை முறைத்துவிட்டு வந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்! ஆனால் இவ்வளவுதானா வேலை? இதைச் செய்யவா உனக்கு ஒருத்தனும் கிடைக்கவில்லை? வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் கொட்டித் தீர்ப்போம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த எழுபதுகளில் நாம் இரண்டு பேரும் நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில், பக்கத்துப் பக்கத்து எந்திரத்தில் நின்றோம். நீ கொற்கையில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். "முத்து வெளஞ்ச ஊர்க்காரி பஞ்சு திங்க வந்திருக்கா" என்று உன்னைக் கேலி செய்வேன். உண்மையில் எல்லாருமே பஞ்சுதான் தின்றோம். மூக்கெல்லாம் தூசி, தொண்டையெல்லாம் தூசி. அதற்கு நம் பகுதிப் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம், கன்னத்தில் ஒரு துண்டுப் புகையிலையை அதக்கிக்கொள்வது. ஊறுகிற எச்சிலில் தூசி ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குள் போகாது என்று நம்பினார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்தவர்கள் நம் கையில் புகையிலையைத் திணித்தார்கள். எனக்குக் குமட்டியது, துப்பிவிட்டேன். நீதான் யார் சொல்லையும் தட்டாதவள் ஆயிற்றே. மில் சங்கு ஊதியதும் அதக்கினால், அடுத்த சங்குக்குத்தான் துப்புவாய். நெஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று கன்னத்தைக் கொடுத்தாய்.

மில் தொழிலாளிகளுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி இருந்தது. நம் சம்பளத்தில் பிடித்த காசும் அதில்தான் போனது. ஊருக்குள் அதற்குப் பெயர் லீவு ஆஸ்பத்திரி. கல்யாணமா, கோயில் கொடை விழாவா, அங்கே போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் லீவுக்குச் சீட்டு கிடைக்கும். நிஜமாகவே காய்ச்சல் வந்தவர்கள் வெளியே தனி டாக்டரிடம் போனார்கள். உண்மையைச் சொல்லிக் கேட்டால் ஒரு நாள்கூட லீவு தராத மில் அது. மனுஷன் பொய் நோய் சொல்லாமல் என்ன செய்வான்? இப்படியே பழகிப் பழகி, அங்கிருந்த டாக்டருக்கு வருகிற அத்தனை பேரும் பொய்யர்கள் என்று ஆகிவிட்டது. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பார். நோயாளியின் முகம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

அந்த மனுஷனிடம்தான் நீ கன்னத்துப் புண்ணைக் கொண்டுபோனாய். நானும் கூட வந்தேன்.

"எத்தன நாளு வேணும்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"லீவு வேண்டாம்யா. வாய்ல ஒரு புண்ணு, ஆற மாட்டேங்கு."

"சூடு. மோரு குடி."

வைத்தியம் முடிந்தது. வெளியே கம்பவுண்டர் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி நீல மருந்தை உன் நாக்கில் தடவி, மஞ்சள் மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். புண் இருந்தது கன்னத்தில், மருந்து போனது நாக்குக்கு. அதைக்கூட நீ எடுத்துச் சொல்லவில்லை. பங்குனியில் போனாய், சித்திரையில் போனாய், வைகாசியிலும் போனாய். ஒவ்வொரு தடவையும் நீல நாக்கோடு திரும்பி வந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏளா, அவன் ஆளையே பாக்க மாட்டேங்கான். வெளிய நல்ல டாக்டர்ட்ட போவோம், வா."

"நம்ம சம்பளத்துலதான பிடிக்கான்? நமக்குன்னு உள்ளத விட்டுட்டு அடுத்தவன் வாசல்ல போயி நிக்கவா?"

"அது லீவு ஆஸ்பத்திரிளா!"

"நாலு பேரு நெசமான நோய்க்குப் போனா, அதுவும் நெசமான ஆஸ்பத்திரி ஆயிரும்."

பெரிய ஞானி! ஊரைத் திருத்த உன் கன்னம்தானா கிடைத்தது? இத்தனை வருஷம் கழித்தும் உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அதே வருஷம் நாம் குடியிருந்த வளவில் உப்பளத்து வேலைக்குப் போகிற ஒருத்திக்கும் வாயில் இதே போல் புண். அவளுக்கு இன்சூரன்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. உப்பு அரித்த கால்களுக்கு மருந்து போட மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி அளத்துக்கே வருவார். அவர் பேச்சோடு பேச்சாக அவள் வாயையும் பார்த்திருக்கிறார். உடனே மதுரைக்கு அனுப்பி, புண்ணை வெட்டி எடுத்தாயிற்று. கன்னத்தில் ஒரு குழியோடு, பேரன் பேத்தி கண்டு நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு அவள் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனாலும் தெருவில் அவளைக் கண்டால் என் வயிறு எரியும். இன்சூரன்ஸ் கார்டு இல்லாதவள் பிழைத்துக்கொண்டாள். கார்டை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு அலைந்தவள் நீ.

ஆடி மாதம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டில், உன் வாய்க்குள் விரல் நுழையவில்லை. சோற்றைக் கரைத்துப் பல்லிடுக்கில் ஊற்றிக்கொண்டாய். அப்படியே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து டாக்டரின் மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

"லீவு கேக்க வரல. தலையத் தூக்கி ஒரு தடவ இவ வாயப் பாரும்!"

"வெளிய போ! போலீஸக் கூப்பிடுவேன்" என்று எழுந்தார். எழுந்ததால்தான் உன் முகம் அவர் கண்ணில் பட்டது. கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழே நெறி கட்டி நின்றாய். மனுஷன் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். அதற்குள் அது திறக்கிற வாயாக இல்லை. மறுபேச்சில்லாமல் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் ஒரு வயதான டாக்டர் உன்னை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பொறுமையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் வந்தது. நம் மேல்.

"ஏம்மா இப்படி முத்த விட்டுட்டு வர்றீங்க? மூணு நாலு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமே. வீட்ல கை வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தீங்களாக்கும்?"

நான் வாயெடுப்பதற்கு முன்னால் நீ பேசினாய். பல் திறக்காமல், எச்சில் ஒழுகப் பேசினாய்.

"வந்தேம்யா. பங்குனியிலேயே வந்தேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அத்தனையையும் சொன்னேன், வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். நீதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய்.

பிறகு கரண்டு வைத்தார்கள், புற்றுநோய்க்கு வைக்கிற கதிர். உன் கன்னம் கருகியதுதான் மிச்சம். ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு இன்சூரன்ஸில் ஒரு குறையும் வைக்கவில்லை. படுக்கை, ஊசி, போய்வரப் பஸ் செலவு எல்லாம் வந்தது. கார்த்திகையில் நீ போனதும் ஈமச் செலவுக்கும் தந்தார்கள். உயிரோடு இருந்தவளின் வாயைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு, செத்தவளை எரிக்க மனம் வந்தது. உன் வீட்டுக்காரர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போவதற்கு முந்திய வாரம் நீ என்னிடம் குழறிக் குழறிச் சொன்னதை மறந்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். "அந்த டாக்டர வையாதளா. வந்தவன் பூராம் பொய்யச் சொன்னா, அவரும்தான் என்ன செய்வாரு?"

பொய் சொன்னவன் எல்லாம் கல்யாணம் பார்த்து, கொடை பார்த்து வீடு வந்து சேர்ந்தான். நிஜத்தைச் சொன்னவள் நீ ஒருத்திதான் திரும்பி வரவில்லை.

இப்போது நம் தெருப் பெண்கள் யார் டாக்டரிடம் போனாலும் நானும் போகிறேன். குனிந்தபடி எழுத ஆரம்பித்தால் அந்தத் தாளின் மேல் கையை வைத்துவிடுகிறேன். "மொதல்ல ஆளப் பாருங்க, பெறகு எழுதுங்க." சண்டைக்காரி என்று பெயர் எடுத்தாயிற்று. நீ மன்னித்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாய். அந்த மன்னிப்பில் எனக்குப் பங்கு வேண்டாம். நீ படாமல் போட்டுவிட்டுப் போன கோபத்தையும் சேர்த்து நான்தானடி பட்டுக்கொண்டிருக்கிறேன்.