பத்துக்கு இரண்டு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, காரணம் கீழே வருகிறது. போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மாவுக்குக் கேட்கும் என்பதால் மெயிலில் எழுதுகிறேன், படித்ததும் அழித்துவிடு. போதைப் பழக்க ஆராய்ச்சிப் பயிற்சிக்கான தேர்வில் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாய் என்றதும் உன் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு அம்மாள், பொம்பளப் பிள்ளைக்குக் குடிகாரங்களைப் பத்தின படிப்புதானா கெடச்சுது என்று இழுத்திருக்கிறாள். ஆமாக்கா, அவ வந்ததும் உங்க வீட்டுக்காரருக்குத்தான் மொத டோக்கன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம் உன் அம்மா. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இனி எழுத வந்தது. நோயாளிகளிடம் பேசிப் பழக ஆள் வேண்டும், அந்தப் பேச்சைப் பதிவு செய்து தேர்வுக்கு அனுப்ப வேண்டும் என்று உன் தம்பியைப் பிடித்தாய். முழங்கால் வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்து அதை விட முடியாமல் போன பஸ் டிரைவர் என்று வேடமும் நீயே கொடுத்தாய். ஞாயிறு காலையில் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, போனை வாஷிங் மெஷின் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், எனக்கு ஹாலில் எல்லாம் கேட்கும். முதலில் ஒரே சிரிப்பு. டாக்டரம்மா, பீஸைக் கொறைச்சுக்கோங்க, குடும்பஸ்தன் என்பான், கல்யாணமே ஆகாதவன். பிறகு எப்போதோ சிரிப்பு நின்றது, நான் கவனிக்கவில்லை. லிப்ட் ரிப்பேர் வேலையில் குழிக்குள் விழுந்து, முதுகு ஒடிந்து, வலி மாத்திரையோடு கிடந்தவனுக்கு மாத்திரைக் கதை சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அவன் பேச்சு அவ்வளவு இயல்பு என்று உன் வழிகாட்டியே பாராட்டியதாக எழுதியிருந்தாய்.

ஒரு ஞாயிறு, மாத்திரையை எங்கே வைப்பீர்கள் என்று நீ கேட்டாய். டிரைவர் சொன்னார், டார்ச்சுக்குள்ள, பேட்டரி போடுற எடத்துல, யாரும் தொறக்க மாட்டாங்க, ஆட்டிப் பாத்தா எவ்ளோ மிச்சம்னு சத்தமே சொல்லிடும். நீ சிரித்தாய். அந்த வாரமே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. பார்க்கலாமென்று அவனுடைய வேலைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். எரியவில்லை, ஆட்டினேன், சத்தம் வந்தது. திறந்து பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்தேன். மறுநாள் பையில் அந்த டார்ச் இல்லை.

அவனோடு லிப்ட் வேலைக்குப் போகும் நெட்டையனை நாம் ஒட்டகம் என்போமே, அவன் வந்திருந்தான். வழக்கமாக உன் அம்மாவிடம் காபிக்குச் சண்டை போடுபவன், வாசலிலேயே நின்றான். மாமா, அவன் நேத்து பெல்ட்டே மாட்டாம மேல ஏறி நின்னான், கீழ குழி தொறந்து கெடக்கு, நான் கத்துறேன், அவன் என்னையே பாத்துட்டு நிக்கிறான், நான் யாருன்னே தெரியாத மாதிரி பாத்தான் மாமா என்றான். உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இப்பதான் புள்ள அசந்து தூங்குறான் என்று சந்தோஷமாக இருக்கிறாள். கூப்பிட்டால் எழுவதில்லை. நான் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நாற்பது வருடம் ஆஸ்பத்திரிச் செய்தியும் கோர்ட்டுச் செய்தியும் எழுதியவன் நான். பெயரைப் போட மாட்டோம் என்றால்தான் மனிதன் வாய் திறப்பான். இவனுக்கு நீ ஒரு டிரைவரைக் கொடுத்தாய், அந்த ஆளின் வாயால் வாராவாரம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கடைசி ஞாயிறு நினைவிருக்கிறதா? மாத்திரையை விட எவ்வளவு தயார், பத்துக்கு எத்தனை என்றாய். ரெண்டு என்றான். ஏன் பூஜ்யம் இல்லை என்று, உனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தபடி கேட்டாய். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் போன் பண்ணி எப்படி இருக்கன்னு கேக்குறாங்களே, அதுக்குத்தான் அந்த ரெண்டு என்றான். அந்த மௌனம் அபாரமான நடிப்பு என்று நீ எழுதினாய். பதிவை அனுப்பியாயிற்று, இனி ஞாயிறு அழைப்பு தேவையில்லை, தம்பிக்கு விடுதலை என்றும் எழுதினாய்.

நேற்று ஞாயிறு. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்திருந்தான். சாப்பிட வாடா என்ற அம்மாவிடம், இரும்மா, லைன் வரும் என்றான். வேலைக்கு இன்று போயிருக்கிறான், ஒட்டகத்தைக் கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரையை நான் எடுத்து எறியலாமா, ஒரேயடியாக நிறுத்தினால் வேறு ஆபத்து வருமா, எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது, உன் வழிகாட்டியிடம் இன்றே கேட்டுச் சொல். அந்தப் பதிவில் இருப்பது நடிப்பு இல்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அதைத் திருப்பித் தரும்படி கேட்டால் பயிற்சியில் உன் இடம் போகுமோ என்னவோ, அந்த முடிவு உன்னுடையது, எதுவானாலும் நான் உன் பக்கம். அப்பா சொன்னார் என்று மட்டும் அவனிடம் ஆரம்பிக்காதே, வாயை மூடிக்கொள்வான். முதலில் டிரைவரிடமே பேசு.

தீர்க்காயுசாக இரு மகளே, இருவருமே இருங்கள். ஞாயிறு வரை காத்திராதே. ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவான், இன்றே கூப்பிடு.

உன் அப்பா