கலைஞ்சதும் கலைச்சதும்

நவம்பர் 12, புதன்

மழை. வோஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறது. இல்ஃபோர்ட் கடையில் பாண், பால், ரம்பை இலை. இறால் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மகள் ஷரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதக் கரு, தானாகக் கலைந்துவிட்டது. ஃபோனில் அழவே இல்லை, அதுதான் பயம். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா. மச்சாள் ஆக்களுக்கும் வேண்டாம்." ஓம் என்றேன்.

பின்னேரம் தாங்க முடியவில்லை. றெஜினாவுக்கு ஒரு வொய்ஸ் நோட். லண்டன் வந்த நாளிலிருந்து சிநேகிதி, எங்கள் செபக் குழுவுக்குத் தலைவி. "பிள்ளைக்குக் கரு கலைஞ்சு போச்சு றெஜினா. நீர் மட்டும் செபியும்." 'மட்டும்' என்று இரண்டு தரம் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

குளிர். செபக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரிசையாகக் கும்பிட்ட கைகள். யாரோ மோசம் போய்விட்டார்கள், செத்தவீடுதான் என்று நினைத்து மேலே தள்ளிப் பார்த்தேன். றெஜினா போட்டது:

"அவசர செபக் கருத்து. எங்கட திரேசா அக்கான்ர மகள் ஷரனுக்குக் கரு கலைச்சாச்சு. ஆண்டவர் மனமிரங்கும்படி செபிப்போம். மற்றக் குழுக்களுக்கும் அனுப்பவும்."

கலைஞ்சாச்சு இல்லை. கலைச்சாச்சு! தானாகப் போனதைப் பிள்ளை தானே போக்கினதாக எழுதிவிட்டாள். அதுவும் கத்தோலிக்கர் குழுவில்.

கீழே: "பாவமன்னிப்புப் பெறட்டும்." "இந்தக் காலத்துப் பிள்ளையள்!" மோர்டனில் இருந்து யாரோ ஒருவர், நான் கண்டதே இல்லை, றோசாப்பூப் படத்தில் ஒரு வேத வசனம்.

றெஜினாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஐயோ, அவசரத்தில தட்டினது. ஒரு எழுத்துத்தானே? திருத்திப் போடுறன்."

"முதல்ல ஏன் போட்டனீர்?"

"செபத்துக்குத்தானே அக்கா! நானென்ன ஊர்க்கதையே கதைச்சனான்?"

ஊர்க்கதை என்றால் முகத்துக்கு நேரே ஏசலாம். செபம் என்று பெயர் வைத்துவிட்டால் வாயே திறக்க ஏலாது. நாசமாய்ப் போவாள். (இதற்கும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். இப்போது இல்லை.)

நவம்பர் 14, வெள்ளி

ஷரன் ஃபோன் எடுக்கவில்லை. மருமகன்தான் எடுத்தான். "ஆரோ ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருக்கினம் மாமி. அவ பாத்திட்டா."

குழுவை விட்டு விலகினேன். தேத்தண்ணி ஆறமுதல் செய்திகள். "ஏன் அக்கா விலகினனீங்கள்?" "எங்களோட கோவமோ?" ஷரன் எப்படி இருக்கிறாள் என்று ஒரு சனமும் கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், சூடில்லை. பூசை. பிரசங்கம், பார்த்தால், ஃபோனைப் பற்றி! ஃபாதர்: "ஒருவரைப் பற்றிப் பகிர முதல், அவர் முன்னால நிண்டா இதைச் சொல்லுவனோ எண்டு கேளுங்கோ." முன் வாங்கில் றெஜினா பலமாகத் தலையாட்டினாள். பிறகு ஃபோனை எடுத்து அதையும் தட்டினாள், குழுவுக்குத்தான்.

வாசலில் பிடித்துக் கேட்டேன். திருத்தம் போட்டாளாம். முதல் போட்டதை அழிக்கவில்லையாம். "கன பேர் அதுக்குக் கீழ செபிச்சிருக்கினம் அக்கா, அழிச்சாப் பாவம்." இவளையா நான் கூடப்பிறந்தவளுக்கும் மேலாக நம்பினேன்.

பின்னேரம் ஷரன் வீட்டுக்கு. கோழி சூப். கதவைத் திறந்தவளின் கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன்: றெஜினா செய்த துரோகம், அந்த ஒரு எழுத்து, பாழாய்ப்போன வாட்ஸ்அப், இனி இந்த ஃபோனைத் தொடவே மாட்டேன், மாதா மேல் சத்தியம்.

கேட்டுக்கொண்டே நின்றாள்.

"இட்ஸ் நொட் த ஃபோன், அம்மா. றெஜினா அன்ரிக்கு ஃபோனோ சொன்னது?"

சூப்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.