கப்பலுக்கு முன்னால் ஒரு பஸ்

பிப். 2, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மொட்டைமாடித் தொட்டிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நேற்றுத் தெப்பத்துக்கு நின்ற கால்வலி இன்னும் இருக்கிறது. "அடுத்த வாரம் நாம கடல்ல மெதக்கப் போறோம், இன்னைக்கு தெப்பத்துல மெதக்குற சாமியப் பாத்துட்டு வருவோம்" என்று இழுத்துப் போனது இவர்தான். கூட்டத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் சட்டையை.

செய்ய வேண்டியவை:
குமுளி ரூமுக்குப் போன் (எடுக்கவில்லை)
வேன்காரரிடம் திங்கள் காலையை உறுதி செய்ய
இவர் மாத்திரை, போகவர போதுமான அளவு
எனக்கு வாந்தி மாத்திரை
ஜாக்கெட் வாங்கிவர. தையற்காரம்மா இன்றும் "நாளைக்கு".

கப்பல் கொச்சியில், 12ஆம் தேதி வியாழன். கொழும்பு, மாலத்தீவு, திரும்பக் கொச்சி. முப்பதாவது கல்யாண நாளுக்கு மகன் கார்த்தி பெங்களூரிலிருந்து போட்ட டிக்கெட். கொச்சி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கப்பல் கம்பெனியிலேயே ஏற்பாடு உண்டாம். இவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார். மூன்று நாள் முந்தியே நாமாகக் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் குமுளி, அங்கே ஒரு ராத்திரி. மறுநாள் கோட்டயம். அங்கிருந்து சர்க்கார் படகில் ஆலப்புழை. அப்புறம் கொச்சி. மேப்பில் விரல் வைத்து ஊர் ஊராகக் காட்டினார். அந்த விரலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன்.

போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் தனியாக வீட்டுப் பக்கத்துக் காளவாசல் சிக்னலைத் தாண்டியதில்லை. நான் விட்டதில்லை. டாக்டர் "எங்க வேணாலும் போங்க சார்" என்று சொல்லி மாதக்கணக்கு ஆகிறது. கப்பலில் டாக்டர் உண்டு, அதனால் கடலைப் பற்றிக் கவலை இல்லை. எனக்குப் பயமெல்லாம் தரையில்தான். அதனால்தான் பஸ் வேண்டாம், வேன் என்றேன்.

"வேன்ல போறதுக்கு வீட்டுலயே கெடக்கலாம். பஸ்னா நாலு பேரப் பாக்கலாம், எறங்கி ஒரு டீ குடிக்கலாம்."

"நீங்க டீக்கடையில கதை பேசிக்கிட்டு நிப்பீக. பஸ்ஸு போயிரும். நான் உள்ள ஒக்காந்து கத்திக்கிட்டே போகணுமாக்கும்?"

டிவி சத்தம் கூடியது.


பிப். 3, செவ்வாய்

கம்பெனிக்குப் போகிற கப்பலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பின் சீட்டில் ஒரு பெண் போனில்: "நான் வாரேன்னு சொன்னேனா? வரமாட்டேன்னுந்தான் சொல்லலையே!" இறங்கும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் வேலை கழுத்தளவு. ரப்பர் வாஷர் ஸ்டாக்கைச் சனிக்கிழமை எண்ணி முடித்துக் கொடுத்தால்தான் லீவு. சாப்பாட்டு நேரத்தில் பாத்திமாவிடம் வேன் சண்டையைச் சொன்னேன். கோரிப்பாளையத்துக்காரி, பத்து வருஷமாகப் பக்கத்து மேஜை, வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆஸ்பத்திரிப் பட்டியலையும் காட்டினேன். குமுளியில் ஒன்று, கோட்டயத்தில் இரண்டு, ஆலப்புழையில் ஒன்று.

"எக்கா, இது டூரா, இல்ல ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்ஷனா?" என்றாள். சிரித்தேன். அதோடு விட்டாளா? "அவர நீங்க புருசனா வச்சிருக்கீகளா, பச்சப்புள்ளையா வச்சிருக்கீகளா?"

சுருக்கென்று இருந்தது. அவள் கொண்டுவந்த தால்ச்சாவை அதற்குமேல் தொடவில்லை. கோபத்தில் நல்ல தால்ச்சாவை விட்டதுதான் மிச்சம்.

ராத்திரி வேன்காரருக்கு இவர் முன்னாலேயே போன் போட்டு உறுதி செய்தேன். இவர் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். படுக்கையிலிருந்தே, "நீயும் கார்த்தியும் போயிட்டு வாங்க. நான் வரல."

கார்த்திக்கு ஏது லீவு. டிக்கெட் எங்கள் இரண்டு பேருக்கு. வரல என்றால் வரலதான், இவர் அப்படி. எனக்குத் தூக்கம் வரவில்லை.


பிப். 4, புதன்

பால் திரிந்துபோனது. காப்பி இல்லை. பேச்சும் இல்லை.

மத்தியானம் திருமங்கலத்திலிருந்து நாத்தனார் போன். "விசாலு, என்னைக்குக் கெளம்புறீக?" திங்கள் என்றேன். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசியிருப்பார் போலிருக்கிறது. "அடியாத்தீ! அன்னைக்கு அஷ்டமி. மறுநா நவமி. நெஞ்சுல கம்பி வச்ச ஆம்பளைய அஷ்டமியிலயா கூட்டிட்டுப் போவ?"

மற்ற நேரமாக இருந்தால் இதெல்லாம் எனக்கு இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற சமாச்சாரம். நெஞ்சு என்றதும் அப்படி விட முடியவில்லை. குமுளி ரூமுக்கு முன்பணம் கட்டியாயிற்று, நாளை மாற்ற முடியாது. வழியும் நாத்தனாரே சொன்னார்: பரஸ்தானம். பிரயாணத்துக்கான பை ஒன்றை நல்ல நாளில், நல்ல நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் அஷ்டமி ஒன்றும் செய்யாது. வைத்த பை மறுபடி நம் வாசற்படி ஏறக் கூடாது, கிளம்புகிறபோது அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நாளைக்கு வியாழன், பத்தே முக்காலுக்கு மேல் நல்ல நேரம். எதிர்வீட்டு சாந்தி அக்காவிடம் கேட்டேன். "இதுக்கெல்லாமா கேட்டுக்கிட்டு நிக்கிற? கொண்டா, சாமி ரூம்ல வச்சுக்கிறேன்."

இவரிடம் சொன்னேன். கூடப்பிறந்த அக்கா சொன்னதாச்சே, உடனே தலையாட்டினார். ஆக, வருகிறார்! வேனைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.


பிப். 5, வியாழன்

கம்பெனியில் அரை நாள் பர்மிஷன். இவர் குளித்து, திருநீறு பூசி, நீலப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். எட்டு அடி தெரு. நான் பின்னாலேயே. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், "எந்த ஊருக்கு அங்கிள்?" என்று கேட்டாள். "மாலத்தீவுக்கு" என்றார். வெகுநாளைக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில்.

சாந்தி அக்கா சௌராஷ்டிரக்காரர். காப்பி கலக்கிக்கொண்டே மகளிடம் போனில் வீட்டுப் பாஷையில் வேகவேகமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது "டாக்டர்" ஒன்றுதான். மகள் திண்டுக்கல்லில் வாக்கப்பட்டவள், இது இரண்டாவது பிரசவம். "மாசக் கடைசின்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

ஜாக்கெட் வந்துவிட்டது. கை பிடிக்கிறது.


பிப். 6, வெள்ளி

சிலிண்டர் தீர்ந்தது, பிரயாணத்துக்குக் கரண்ட் அடுப்பில் முறுக்கு. பாதி கருகல். இவர் கருகலையே எடுத்துத் தின்றுவிட்டு "நல்லாருக்கு" என்கிறார். வேனுக்காகச் செய்கிற சமாதானமா, வேனை மாற்றப் பிடிக்கிற காக்காயா தெரியவில்லை. ராத்திரி வாசலில் ஆட்டோ சத்தம். எழுந்து பார்க்கச் சோம்பல்.


பிப். 7, சனி

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது வரிசையாக.

காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து தகவல். இரண்டு பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம். பீரோவில் இல்லை.

"பாஸ்போர்ட் எங்கங்க?"

"பையில."

"எந்தப் பையில?"

எதிர்வீட்டைக் கை காட்டினார். இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் வைப்பார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், பிரயாணத்துக்கு வாங்கிய மாத்திரை அத்தனையும் வைத்திருக்கிறார். "பிரயாணத்துக்கு நெசமா வேணுங்கிறத வச்சாத்தான பரஸ்தானம்? பழைய வேட்டிய வச்சு யார ஏமாத்துறது?"

போய்ப் பார்த்தால் எதிர்வீட்டில் பூட்டு. சாந்தி அக்காவுக்குப் போன். மகளுக்கு நேற்று ராத்திரியே வலி எடுத்து, கிடைத்த ஆட்டோவில் புருஷனும் பொண்டாட்டியுமாகத் திண்டுக்கல்லுக்கு ஓடியிருக்கிறார்கள். சாவி இடுப்பில். "அய்யய்யோ விசாலு, ஒம் பையி! சுத்தமா மறந்துட்டேன்டி. இங்க இன்னும் பெறக்கல."

பூட்டுக்காரரைக் கூப்பிடுவோமா என்று இவரிடம் கேட்டேன். அடிக்க வருவதுபோல் பார்த்தார். "பிரசவத்துக்குப் போனவக வீட்டுப் பூட்டையா ஒடைப்ப?" நியாயம்தான். கம்பெனிக்குப் போய் ஸ்டாக்கை முடித்துவிட்டு, சாயங்காலம் நானே கார் வைத்துத் திண்டுக்கல் போவதாகச் சொன்னேன். "நீங்க எங்கயும் நகரக் கூடாது, ஆமா." அவர் பேப்பரைப் புரட்டினார்.

பதினோரு மணிக்குக் கப்பலூரிலிருந்து போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்ப. திரும்ப. வாஷரை எண்ணுகிறேன், எண்ணிக்கை மறக்கிறது. பாத்ரூமில் விழுந்து கிடக்கிறாரோ. பாத்திமா என் முகத்தைப் பார்த்தாள், பேனாவைப் பிடுங்கி வைத்தாள். "ஏறுங்கக்கா வண்டில." சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாளோ தெரியாது; மீதி ஸ்டாக்கை அப்புறம் திரும்பிப் போய் அவளே எண்ணிக் கொடுத்துவிட்டாள். பைபாஸ் முழுக்க அவள் முதுகில் சாய்ந்துகொண்டு வேண்டாத தெய்வமில்லை. அவளும் அவள் பாட்டுக்கு "யா அல்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்குள்ளே அவர் போன் அடிக்கிறது. நான் கூப்பிடக் கூப்பிட, உள்ளே. என் சாவியைப் போட்டுத் திறக்கப் பத்துத் தடவை தப்பியது. உள்ளே ஆள் இல்லை. பாத்ரூமிலும் இல்லை. போன் சார்ஜரில். செருப்பு இல்லை. அப்படியே கூடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாத்திமா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "செருப்புப் போட்டுக்கிட்டுத்தானக்கா போயிருக்காரு, யாரும் தூக்கிட்டுப் போகலையே" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் சாந்தி அக்கா போன். "பொம்பளப்புள்ள விசாலு! ஒங்க வீட்டுக்காரர் வந்தப்பத்தான் பெறந்துச்சு. பாத்துட்டு, சாவிய வாங்கிட்டு, இப்பத்தேன் பஸ்ஸுக்குப் போறாக. நல்லா இருக்காக, பயப்படாத."

நல்லா இருக்காக. இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஒரு வருஷமாக ஊரெல்லாம் டெஸ்ட் எடுத்தேன்.

சாயங்காலம் வந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே. கையில் திராட்சைப் பை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"போனை எடுத்துட்டுப் போறதுக்கு என்னங்க?"

"சார்ஜ் போட்டேன். மறந்துட்டேன்."

"வழியில மயக்கம் கியக்கம் வந்திருந்தா?"

"வரலையே." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சமயநல்லூர் தாண்டுற வரைக்கும் நின்னுகிட்டே போனேன் விசாலு. ஒண்ணும் ஆகல. ஒருத்தன் எந்திரிச்சு எடம் குடுத்தான், வேணாம்னுட்டேன்" என்றார். பரீட்சையில் பாஸானதைச் சொல்லுகிற முகம்.

திட்ட வேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. திராட்சைப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். சட்டையில் பிரியாணி வாசம் வேறு. கேட்கவில்லை. போனால் போகிறது.


பிப். 8, ஞாயிறு

வெயில் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டைத் திறந்து, அவர்கள் சாமி ரூமிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். "ஓகே" வந்துவிட்டது. பை அங்கேயே இருக்கிறது, அது இனி நம் படி ஏறாது. நாத்தனாருக்கு ஒரே பெருமை: "நான் சொல்லி வச்ச பரஸ்தானம், அங்க புள்ளையே பெறந்துருச்சு!" இருக்கட்டும், அவர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

மத்தியானம் இவர் தூங்கும்போது வேன்காரருக்குப் போன். "என்னம்மா, கடைசி நேரத்துல!" என்று கத்தினார். கத்தட்டும். முன்பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். பட்டியலில் குமுளி ஆஸ்பத்திரி நம்பரை மட்டும் போனில் போட்டுக்கொண்டேன். மற்றது வேண்டாம். அதுவும் இவருக்குத் தெரிய வேண்டாம்.

எழுந்ததும் சொன்னேன், நாளைக்குப் பஸ்தான் என்று. "எந்த பஸ்ஸு?" என்றார். "ஒங்க பஸ்ஸுதான்" என்றேன். அப்புறம் எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை தூக்கல்.


பிப். 9, திங்கள்

அஷ்டமி. பனி. எதிர்வீட்டிலிருந்து பையை எடுத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. ஆரப்பாளையத்தில் குமுளி வண்டி, ஜன்னலோர இடம். வண்டி ஆடுகிறது, எழுத்து கோணல்.

வாந்தி மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். இவர் மாத்திரை மூன்று வேளையும் என் கைப்பையில்.

செக்கானூரணி தாண்டும்வரை கண்டக்டரோடு பேச்சு. அவருக்கும் ஸ்டென்ட்டாம்! "ரெண்டு வருசம் ஆச்சுண்ணே, நிக்கிற வேலைதான், ஒண்ணும் பண்ணல." இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது.

உசிலம்பட்டி. "அஞ்சு நிமிசந்தான்" என்றார்கள். முதல் ஆளாக இறங்கினார். டீக்கடை வாசலில் யாரோ ஒரு வேட்டிக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேச்சு. ஒரு டம்ளர் அவர் கையில், இன்னொன்று எனக்காக ஆறிக்கொண்டிருக்கிறது.

டிரைவர் ஏறிவிட்டார். ஹாரன். எல்லோரும் ஏறியாயிற்று. இவர் இன்னும் அங்கேயேதான். வண்டி நகருகிறது.

நான் கூப்பிடவில்லை. ஏறிவிடுவார்.