இடது கைக்குப் பழகிய கியர்

அன்பு மகளே,

நீ சொன்னபடி ஆட்டோமேட்டிக் வண்டியில் நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, கோபப்படாதே. அதில் ஓட்டிக் காட்டித் தேறினால் லைசென்ஸும் அதற்கு மட்டும்தானாம். அப்பா போனதிலிருந்து கொட்டகையில் நிற்கிற அவர் வண்டியை அப்புறம் யார் எடுப்பது? அதை வாங்க வந்தவனையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்பாவுக்கு வாதத்தில் வலது கை விழுந்த பிறகு பதினோரு வருஷம் அவர் கிளட்சை மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான்தானே கியர் போட்டேன்? "ரெண்டு போடுடி, தூங்குறியா?" என்பார். அந்தத் தைரியத்தில்தான் கற்றுக்கொள்ளப் போனேன். ஆனால் நான் போட்டதெல்லாம் இடது கையால். நம் ஊர் வண்டியில் இடப்பக்கம், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் கியர் வலது கைப் பக்கம் இருக்கிறது!

சொல்லிக்கொடுக்கிற தெகோமிர் தலையில் அடித்துக்கொண்டான்.

"அத்தை, அது ஜன்னல் இறக்குற பிடி! மூணு வாரமா ஜன்னலுக்குத்தான் கியர் போடுறீங்க. பேசாம ஆட்டோமேட்டிக்குக்கு வந்துடுங்க."

"நீ ஜன்னலை மூடிட்டு உட்காருடா. கை பழகிடும்."

பழகிவிட்டது. பரீட்சைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஸ்தோய்னா நம் வழக்கப்படி, போகிற காரியம் தண்ணீராய் ஓடட்டும் என்று வாசலில் தண்ணீர் ஊற்றினாள், பாதி என் செருப்பில். ஈரக் காலோடு போய்த் தேறிவிட்டேன்! கட்டிப்பிடித்ததில் தெகோமிரின் கண்ணாடி வளைந்துபோனது.

சனிக்கிழமை ப்ளோவ்திவ் ஸ்டேஷனுக்கு நானே அப்பா வண்டியில் வருகிறேன். பழக்கத்தில் பின்னால் ஏறிவிடாதே. இனிமேல் நீ முன்னால், என் பக்கத்தில்.

முத்தங்களுடன்,
உன் அம்மா