கச்சான் காற்று எழும்பும் முன்

உன் சைக்கிள் வந்துவிட்டது. ஓர்ஸ் ஹில்லில் உங்கள் வீட்டு விறாந்தையில் பெட்டியை வெட்டியபோது எழுந்த புது ரப்பர் மணம் இன்னும் என் கையில் இருக்கிறது. காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பவே இல்லை. நீ சொல்லிவைத்த சாமான் மட்டும் ஆறுதலாகப் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது.

நான் வேண்டாம் என்ற அதே தட்டைக் குழாய்ப் பிரேம். எதிர்க்காற்றைக் கிழிக்கும், சரி. ஆனால் நிலாவெளி ரோட்டில் மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று பக்கத்திலிருந்தல்லவா அடிக்கிறது? தட்டைப் பிரேமைக் கப்பற்பாய் போலப் பிடித்து பஸ்ஸுக்கு முன்னால் தள்ளிவிடும், உருண்டைக் குழாய்ப் பிரேமே போதும் என்று எத்தனை தரம் படம் கீறிக் காட்டினேன்.

"உன்ர படத்தில வீசுற காத்து என்ர ரோட்டில இல்லையடா. ஒருநாள் விடிய வந்து பார், என்ஜினியர்."

பிந்தி எழும்பும் என் நித்திரையை நக்கலடிக்கிறாய் என்று நினைத்தேன். "வடிவு பாத்து வாங்கிற ஆளோட என்ன கதை," என்றேன்.

உன் அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது வேண்டாமெண்டுதான் அவனோட சண்டை பிடிச்சனான், தம்பி. பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை. அவன் தெரிஞ்செடுத்தது சரியோ, பிழையோ? எனக்காக மாத்திச் சொல்லாத."

பிழை என்றால் நீ மடையன். சரி என்றால் அந்தச் சண்டை வீண். எதைச் சொல்வது?

"ஓடிப் பாத்துச் சொல்றன், அக்கா."

பாகங்களைப் பூட்டி முடித்து, மறுநாள் விடிய, நீ ஹோட்டல் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் புறப்பட்டேன். ஒரு தென்னோலை அசையவில்லை. மிதித்த மிதி ஒன்றும் வீண் போகவில்லை. அந்த வேகத்தை என் சைக்கிளில் நான் கண்டதே இல்லை. திரும்பும்போது வெயில் ஏறிக் கச்சான் எழும்பியது. இரண்டு தரம் என்னைக் கரை மணலுக்குள் தள்ளியது. ஆக, என் கணக்கும் பிழையில்லை. ஆனால் அது பிந்தி எழும்புகிறவனின் கணக்கு. நீயோ திரும்பும்போது சைக்கிளை ஹோட்டல் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவன்.

"அவன் போற நேரத்துக்கு இதுதான் சரி, அக்கா."

உண்மை ஆறுதல் தரும் என்று எவன் சொன்னான்? ஹாண்டிலைப் பிடித்தபடி அழுதார். "ஓம்... அவனும் அதைத்தான் சொன்னவன்."



சைக்கிளைத் திருப்பி அனுப்பவில்லை. "நீயே ஓடு, வீட்டில நிண்டா எனக்குப் பாக்க ஏலாது," என்று என்னிடம் தந்துவிட்டார். இப்போது நானும் விடிய எழும்புகிறேன். வந்து பார் என்றாய். வந்து பார்க்கிறேனடா, ஒவ்வொரு நாளும். நிலாவெளி வரைக்கும் காற்றில்லை. எதிர்க்கதை சொல்ல நீயும் இல்லை.